நாய்வண்டிகளுக்காகக் காத்திருந்த பின்னேரங்கள்

“இஞ்சேரும், ஓடி வாரும்! ரூத் வந்து சேர்ந்திட்டா!”

குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த நான் கையைக்கூடக் கழுவாமல் பின்னறைக்கு ஓடினேன்.

பங்குனி மாதம். சிட்னியின் கோடை போக மனமில்லாமல் நின்ற நாட்கள். ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறைக்குத் தகரக் கூரை. பின்னேரத்தில் அதற்குள் போனால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். என் கணவர் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பெனியனோடு, வேர்த்து வழிய வழிய, தன் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தார். எனக்கும் கேட்கட்டும் என்று காதுக்குழலைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்தார்.

கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் மேலே வந்தது, அமிழ்ந்தது, மறுபடி வந்தது.

“கண்ணிமையெல்லாம் ஐஸ் பிடித்திருக்கிறது. ஆனாலும் சிரிக்கிறாள். நாய்கள் எல்லாம் சுகம். இப்போது என் குசினியில் இருந்து சூப் குடிக்கிறாள். உன் மனைவியிடம் சொல். ஓவர்.”

நான் கத்தரிக்காய்க் கையோடு கைதட்டினேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், நாங்கள் கொழும்பிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் நான் வேலை தேடி அலைந்த கதை வரவேண்டும். ஆனால் இரண்டு நாளாக அந்தத் தகரக் கூரை அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது. வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன். பரமட்டாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இரத்தம் பரிசோதிக்கிற பகுதியில்.

பின்வளவில் ஒரு கம்பம்

என் கணவர் தர்மகுலசிங்கம் தொலைபேசிப் பொறியியலாளர். பகல் முழுக்கப் பரமட்டாவில் உள்ள கந்தோரில் தொலைபேசி இணைப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, பின்னேரத்தில் வீட்டுப் பெட்டியில் உலகத்தின் மறுமுனையில் இருப்பவர்களோடு கதைப்பார். அது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கென்று ஒரு பரீட்சை எழுதி உரிமம் எடுக்கவேண்டும். உரிமம் உள்ளவர் மட்டும்தான் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திப் பேசலாம். ஒருவர் பேசி முடித்து ‘ஓவர்’ என்று சொன்ன பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம்.

“கேளும், எவ்வளவும் கேளும்,” என்பார் என்னிடம். “ஆனா அந்தப் பொத்தானிலை மட்டும் கை வைக்காதையும். லைசன்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள்.”

கொழும்பில் ஒருமுறை உரிமம் புதுப்பிக்கப்படாமல் நெடுங்காலம் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தவர். அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை.

ஸ்ட்ராத்ஃபீல்டில் பின்வளவில் அவர் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தபோது பக்கத்து வீட்டுக்காரிக்குச் சந்தேகம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உன் புருசன் யாரோடு பேசுகிறார்? ரஷ்யாக்காரரோடா?” என்று கேட்டாள். அவர் அவளைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, நியூசிலாந்துச் செம்மறிப் பண்ணைக்காரர் ஒருவர் கம்பளி விலை பற்றி அழுவதை அரை மணி நேரம் கேட்க வைத்தார். அதன் பிறகு அவள் வேலிப்பக்கம் வரவேயில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அறையின் சத்தம்தான் வீட்டின் சத்தம்.

நாய்களுக்காகக் காத்திருந்த ஆசிரியர்

ஒரு பின்னேரம் அலாஸ்காவிலிருந்து ஒருவர் அகப்பட்டார். பெயர் ஆல்வின். பேரிங் கடற்கரையில் ஒரு சின்னக் கிராமத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். அந்தக் கிராமத்தின் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக வராது.

“இப்போது என்ன செய்கிறாய்?” என்று என் கணவர் கேட்டார்.

“நாய்களுக்காகக் காத்திருக்கிறேன். ஓவர்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். நாய்களா?

பிறகு ஆல்வின் விளக்கினார். ஆங்கரேஜ் என்ற பட்டணத்திலிருந்து நோம் என்ற கரையோர ஊர் வரைக்கும் ஆயிரம் மைலுக்கு மேல் ஒரு பந்தயம். வண்டிக்குச் சக்கரம் கிடையாது, பனியில் வழுக்கிக்கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு நாய்கள் சோடி சோடியாக இழுக்கும். பின்னால் ஒரே ஒரு ஆள். மலை ஏறி, உறைந்த ஆற்றின் மேல் ஓடி, கடைசியில் உறைந்துபோன கடலின் மேலால் போகவேண்டும். முதல் ஆள் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். வழியில் உள்ள கிராமங்களில் தொலைபேசி இல்லாததால், யார் எங்கே வந்தார்கள் என்ற செய்தியை ஆல்வினைப் போன்ற வானொலிக்காரர்கள்தான் ஊருக்கு ஊர் கடத்துகிறார்கள்.

எனக்கு அதுவரை நாய் என்றாலே பயம். ஆனால் ஆல்வின் சொன்ன பெயர்ப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

“பொம்பிளையோ? தனியவோ?” என்று கேட்டேன். இவர் என் கேள்வியை ஆங்கிலத்தில் அனுப்பினார்.

ஆம், தனியத்தான். ரூத் என்று பெயர். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். குட்டியிலிருந்து தானே வளர்த்த நாய்கள். முன்னால் ஓடி வழி காட்டுகிற நாயின் பெயர் பெப்பர்.

“அந்த மனுசி வெல்லாது,” என்றார் இவர். “முன்னுக்குப் போறவங்கள் எல்லாம் பெரிய பலசாலியள்.”

“வெல்லாட்டிப் பரவாயில்லை. எனக்கு அவதான் வேணும்.”

பெப்பர் என்ற பெயரை நான் மிளகு என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு நாளில் இவரும் மிளகு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

சிவப்புத் தலை ஊசி

இவர் எங்கிருந்தோ அலாஸ்காவின் தேசப்படம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். என் தையல் பெட்டியிலிருந்த குண்டூசிகள் எல்லாம் சுவருக்குப் போயின. சிவப்புத் தலை ஊசி ரூத். வேலை முடிந்து மூன்றரைக்கு நான் வீட்டுக்கு வருவேன். கந்தோரில் முன்னதாகவே வேலை தொடங்க அனுமதி வாங்கி, பந்தய நாட்களில் நாலரைக்குள் இவரும் வந்துவிடுவார். நான் தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் இருப்பேன். ஊசி ஒரு நகத்தளவு நகர்ந்தால் எங்களுக்குப் பெருநாள். நகராவிட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது.

எங்களுக்குப் பின்னேரமாக இருக்கும்போது ஆல்வினுக்கு முந்தின நாள் இரவு. “பாவம், அந்த மனுசனுக்கு இன்னும் நேற்றுத்தான்,” என்று இவர் சிரிப்பார்.

அப்போது சிட்னியில் தமிழர் மிகக் குறைவு. மாதம் ஒருமுறை ஆருடையதோ ஒரு வீட்டில் கூடுவோம். ஊர்க் கதை, வீட்டுக் கடன், நல்ல மிளகாய்த்தூள் எங்கே கிடைக்கும் என்று பேச்சுப் போகும். இவர் நடுவில் புகுந்து, பனியில் நாய்களின் பாதம் வெடிக்காமல் இருக்கத் துணிச் சப்பாத்துக் கட்டுவார்கள் என்று தொடங்குவார். “தர்மர் நாயை அவிட்டுவிட்டிட்டார்,” என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்குக் கோபமே வராது.

அந்த வருடம் ரூத் நோமுக்குப் போய்ச் சேர்ந்தாள், கடைசிக்குச் சற்று முன்னால். முதலாவதாக வந்தவரின் பெயர் எனக்கு நினைவில்லை. நாங்கள் பால்கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அடுத்த வருடமும் வருவேன் என்று ரூத் சொன்னதாக ஆல்வின் அறிவித்தார்.

தை மாதம்

அடுத்த தையில், வெக்கை நிறைந்த ஒரு நாள், என் கணவர் பரமட்டாவிலிருந்து வந்த ரயிலால் ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தில் இறங்கினார். மேடையில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று ரயில் வந்து போயிருக்கிறது. நித்திரை என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பிறகுதான் ஒரு பெண் தோளைத் தொட்டுப் பார்த்தாளாம்.

ஒரு இளம் பொலிஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவடிக்கு வந்தார். இவருடைய பெயரைச் சொல்ல முயன்றார், முடியவில்லை. திரும்பவும் முயன்றார். நான்தான் மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுத்தேன். சரியாகச் சொல்லிவிட்டு, அவர் இறந்துவிட்டார் என்றார்.

நாய்க் கதைக்குச் சிரித்த அத்தனை பேரும் செத்தவீட்டுக்கு வந்தார்கள். சமைத்தார்கள், கழுவினார்கள், என்னைத் தனியே விடாமல் மாறி மாறிப் படுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். போகத்தானே வேண்டும்.

அந்த வீட்டில் தனியே இருக்க என்னால் முடியவில்லை. பரமட்டாவில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு பார்த்தேன். பங்குனி முடிய முதல் மாறுவதாக ஏற்பாடு. இவருடைய வானொலிச் சிநேகிதர் ரெக் பக்கத்தில் ஹோம்புஷில் இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பெட்டியைத் தான் எடுத்துக்கொள்கிறேன், கம்பத்தையும் வந்து இறக்கித் தருகிறேன் என்று சொல்லி ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்.

ஆல்வினுக்கு யாரும் அறிவிக்கவில்லை. பந்தயம் இல்லாத மாதங்களில் அவர்கள் தொடர்பு எப்போதாவதுதான். எனக்கும் அந்த நாட்களில் அலாஸ்கா என்றொரு இடம் இருப்பதே நினைவில்லை.

“ஒருவேளை கேட்டுக்கொண்டிருந்தால்”

சாமான் கட்டுவதற்காகப் பின்னறைக் கதவைத் திறந்தேன். சுவரில் படம். நோமில் சிவப்புத் தலை ஊசி, போன வருடம் நின்ற இடத்திலேயே. அப்போதுதான் இது பங்குனி என்று உறைத்தது.

பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். உள்ளே வால்வுகள் சூடேற, படிந்திருந்த தூசி கருகுகிற மணம் வந்தது. இவர் அலாஸ்காவைப் பிடிக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோனேன்.

இரைச்சல். வெகுநேரம் இரைச்சல். பிறகு ஆல்வின்.

இவருடைய உரிமத்தில் உள்ள அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப. பிறகு, “தர்மா, நாலு நாளாகக் கூப்பிடுகிறேன். உன் பெட்டி பழுதுபோல. அனுப்ப முடியாவிட்டாலும் ஒருவேளை கேட்டுக்கொண்டிருந்தால் உன் மனைவியிடம் சொல், ரூத் மலையைத் தாண்டிவிட்டாள். பெப்பர்தான் முன்னால் ஓடுகிறது. நாளைக்கும் இதே நேரம் வருகிறேன்.”

நான் நோமில் நின்ற சிவப்பு ஊசியைப் பிடுங்கி மலைக்கு அப்பால் குத்தினேன்.

அடுத்த நாள் வேலையால் நேரே வந்து பெட்டியைப் போட்டேன். அதற்கடுத்த நாளும். ஆல்வின் ஒரு நாளும் தவறவில்லை. பதிலே தராத ஒருவருக்கு, பதினைந்து நிமிடம், ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். ரூத் ஆற்றுக்கு வந்துவிட்டாள். ஒரு நாய்க்குக் கால் சுளுக்கு, அதை அந்த ஊரில் விட்டுவிட்டுப் போகிறாள். இடையில், “தர்மா, அங்கே இன்னும் வெயிலா? கொஞ்சம் இங்கே அனுப்பு,” என்று பகிடி விட்டார். அந்தப் பகிடிக்கு இவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் ஊசியை நகர்த்தினேன்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரைப் பற்றி ‘இருந்தார்’, ‘சொன்னார்’ என்று பேசப் பழகிவிட்டார்கள். ஆல்வின் மட்டும்தான் அவரோடு நேரே பேசினார். அந்தக் கடற்கரைக் கிராமத்தில், ஒரு மனுசனின் நினைப்பில், என் கணவர் தகரக் கூரைக்குக் கீழே பெனியனோடு இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதை ஏன் நான் இல்லாமல் பண்ணவேண்டும்? ரூத் நோமுக்குப் போகட்டும், அதுவரைக்கும் இப்படியே போகட்டும் என்று நினைத்தேன்.

பொத்தான்

ரெக் வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு முன்னைய வியாழக்கிழமை. ஆல்வினின் குரல் மாறியிருந்தது.

“தர்மா, நல்ல செய்தி இல்லை. ரூத் அடுத்த கிராமத்திலிருந்து கடல் ஐஸ் மேலால் என்னிடம் வரப் புறப்பட்டாள். நேற்றே வந்திருக்கவேண்டும். புயல் பிடித்துக்கொண்டது. வெளியே என் கையே எனக்குத் தெரியவில்லை. யாரும் தேடிப் போகமுடியாது. காற்று விடும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.”

இரைச்சல். நான் ஒலிபெருக்கிக்குக் கிட்டப் போனேன்.

“இங்கே என்னோடு ஒருவரும் இல்லை. நீ பேசினால் நன்றாக இருக்கும், தர்மா. ஒரு சொல் போதும். ஓவர்.”

அவர் ஓவர் என்று சொன்னது அந்தப் பங்குனியில் அதுதான் முதல் தடவை. பதிலை எதிர்பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

என் கணவர் எனக்கு விதித்த ஒரே ஒரு கட்டுப்பாடு அந்தப் பொத்தான். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன், அழுத்தினேன்.

“ஆல்வின். நான் தர்மாவின் மனைவி பேசுகிறேன். தர்மா இல்லை. தை மாதம் இறந்துவிட்டார். பெட்டி பழுதில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.”

பொத்தானை விட்டேன். இரைச்சல் மட்டும்தான். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் காத்துக்கொண்டிருக்கிறார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மறுபடி அழுத்தி, “ஓவர்,” என்றேன். அதைச் சொன்ன பிறகுதான், தை மாதத்திலிருந்து அடைத்துக்கொண்டு நின்ற அழுகை வந்தது.

ஆல்வின் பேசினார். “இத்தனை நாளும் உன்னை தர்மாவின் மனைவி என்றுதான் தெரியும். உன் பெயர் என்ன?”

“புவனம்.”

“புவனம்,” என்றார், முதல் தடவையிலேயே சரியாக. “புவனம், இன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து காத்திருப்போம்.”

அவர் இவரைப் பற்றிக் கேட்டார், நான் சொன்னேன். நடுவில் எழுந்து போய் யன்னலால் பார்த்துவிட்டு வந்து, இன்னும் காற்று விடவில்லை என்பார். பொழுது படும் நேரத்தில் அவருடைய குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோனது.

இரண்டு பெண்கள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டியைப் போட்டபோது ஆல்வின் எனக்காகக் காத்திருந்தார்.

“கிடைத்துவிட்டாள், புவனம். உயிரோடு.”

காற்று விட்டதும் ஊர் வேட்டைக்காரர்கள் போய்க் கண்டிருக்கிறார்கள். வண்டியைச் சரித்துக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, நாய்களை அணைத்துக்கொண்டு இரண்டு இரவு கிடந்திருக்கிறாள். மிளகு செத்துப்போயிற்று. அதை வண்டிக்குள் போர்வையால் சுற்றி வைத்திருந்தாளாம். பந்தயத்திலிருந்து விலகிவிட்டாள். சாப்பிடவில்லை, ஆரோடும் பேசவில்லை.

“உன்னைப் பற்றிச் சொன்னேன். பேசுகிறேன் என்கிறாள்,” என்றார் ஆல்வின்.

கரகரத்த ஒரு பெண்குரல் வந்தது. இரண்டு வருடமாக ஊசியாகவே நகர்த்திய ஒருத்தியின் குரல்.

“உன் கணவரைப் பற்றி ஆல்வின் சொன்னார். கஷ்டப்பட்டாரா? ஓவர்.”

“இல்லை. ரயிலால் இறங்கி வாங்கில் இருந்தார். அவ்வளவுதான். ஓவர்.”

“பெப்பரும் அப்படித்தான். என் முழங்காலில் தலையை வைத்தது. நித்திரை என்றுதான் நினைத்தேன். விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஓவர்.”

பிற்காலத்தில் இதைச் சொன்னபோது ஒரு சிநேகிதி முகத்தைச் சுளித்தாள். புருசனையும் நாயையும் ஒன்றாக வைத்துப் பேசுவதா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அது குறைவாகப் படவில்லை. தான் இழந்ததை அவள் சொன்னாள், நான் இழந்ததை நான் சொன்னேன். ஆறுதல் சொல்ல இரண்டு பேரும் முயலவில்லை.

“சாப்பிடு, ரூத்,” என்றேன் கடைசியில்.

“நீயும்,” என்றாள்.

கம்பம் இறங்கிய நாள்

சனிக்கிழமை காலை ரெக் ஏணியோடு வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு, “வியாழக்கிழமை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது,” என்றார். கோப்பையைக் கீழே வைத்து, “கம்பத்தை விட்டுவிடவா? நீங்களும் பரீட்சை எழுதலாம்தானே?” என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். புதிய வீடு மூன்றாம் மாடி. கம்பம் நட இடமில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. பெட்டியைப் போடுகிற ஒவ்வொரு நாளும் என் காது தேடியது அலாஸ்காக் குரலை அல்ல.

“இறக்குங்கோ, ரெக்,” என்றேன்.

ஆல்வினுக்கு அவரே சொல்லி விடைபெற்றுத் தருவதாகச் சொன்னார். ரூத் அதற்குப் பிறகு ஓடவில்லை என்று ஒரு தடவை ரெக் மூலம் அறிந்தேன். பிறகு ரெக்கும் காலமாகிவிட்டார்.

அடுத்த பங்குனி. ஆஸ்பத்திரியில் மத்தியானச் சாப்பாட்டு அறை. யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், கீழ் மூலையில், இரண்டே இரண்டு வரி. அலாஸ்கா நாய்வண்டிப் பந்தயத்தில் இன்னார் வென்றார் என்று. நோம் என்ற பெயரை எழுத்துப் பிழையோடு அச்சிட்டிருந்தார்கள். பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தட்டோடு பின்னால் வந்து நின்றாள். சிட்னியில் நாய்ப் பந்தயம் என்றால் வேறு. வட்டமாக ஓடுகிற நாய்கள், அதில் பணம் கட்டுகிற ஆட்கள். பத்திரிகையில் நான் பேனாவால் எதையோ குறிப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

“நீயுமா? நாய்ப் பந்தயமா பார்க்கிறாய்?”

“ஓம்,” என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகு, “யெஸ்,” என்றேன்.

“உன் நாய் வந்ததா?”

“இல்லை,” என்றேன்.

“பரவாயில்லை, அடுத்த முறை வரும்,” என்று என் தோளில் தட்டிவிட்டு, தேத்தண்ணி எடுக்கப் போனாள்.